அத்தானுக்குக் கொடுத்த கார்டும் அன்னபூர்ணா பயணமும்

கேள்வி: எனக்கு 26 வயது. பாளையங்கோட்டையில் வீடு, வண்ணார்பேட்டையில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 36,000. வீட்டுக்கு 14,000 கொடுக்கிறேன், என் செலவு 12,000. வருகிற அக்டோபரில் 18 முதல் 35 வயதுக்காரர்களை மட்டும் அழைத்துப் போகும் ஒரு குழுவோடு நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை நடக்க ஆசை. ரொக்கமாகக் கட்டினால் 57,000. வட்டியில்லாத் தவணையில் 62,000, பரிசீலனைக் கட்டணம் 1,500, 12 மாதம். விமான டிக்கெட் தனி. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அத்தானுக்கு என் கிரெடிட் கார்டில் வயலுக்கு மோட்டாரும் பையனுக்கு லேப்டாப்பும் வாங்கிக் கொடுத்ததில் 60,000 பாக்கி. மாதம் 3,000 கட்டி வருகிறேன். பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்ததும் தருகிறேன் என்றார், பிறகு ஆனித் தேர் முடியட்டும் என்றார். தேரும் ஓடிவிட்டது. முன்பணம் 15,000-ஐ அதே கார்டில் கட்டி, மீதியைத் தவணையில் போட்டுப் போய்வரலாமா?

பதில்: தம்பி, பயணத்தைவிட எனக்கு அந்த 3,000 ரூபாய்தான் கவலை தருகிறது. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். 60,000-க்கு 2,100. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 378. ஆக, நீங்கள் கட்டும் 3,000-இல் அசலுக்குப் போவது 500 சொச்சம். இப்படியே ஒரு வருடம் கட்டினால் 36,000 போயிருக்கும், பாக்கி 52,000-க்குப் பக்கத்தில் நிற்கும். பாக்கி இருக்கும் வரை புதுச் செலவுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது. பெட்ரோல் போட்டாலும் அன்றே வட்டி ஓடும், முன்பணம் 15,000-க்கும் அதே கதிதான். அந்தக் கார்டை இன்றே பையிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள்.

அத்தானிடம் பேசத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கார்டு ஸ்டேட்மென்ட்டைக் காட்டியே பேசுங்கள். மாதம் 2,500 வட்டி போவது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். அவர் விவசாயி. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அவர் பெயரிலேயே நகைக்கடன் வாங்கி இந்தப் பாக்கியை முழுதாக அடைக்கட்டும். வருடத்துக்கு 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 500 ரூபாய்தான். அடுத்து வரும் கார் பருவ நெல்லை அறுத்து விற்றதும் நகையை மீட்டுக்கொள்ளலாம். முடியாது என்று அவர் கையை விரித்தால், உங்கள் செயினை வைத்தாவது கார்டை அடையுங்கள். அந்த நகைக்கடனை மாதாமாதம் 6,000-ஆவது கட்டிக் குறையுங்கள், பயணம் அடுத்த அக்டோபரையும் தாண்டி இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். எப்படியானாலும் இனி கார்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் அந்த ‘வட்டியில்லாத் தவணை’. ரொக்கம் 57,000, தவணை 62,000, கட்டணம் 1,500. ஆக 6,500 கூடுதல். மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருவதால் சராசரியாக 31,000-தான் உங்களிடம் கடனாக இருக்கும். அப்படிப் பார்த்தால் வட்டி ஏறக்குறைய 21 சதவீதம். இதை வட்டியில்லை என்று சொல்லி இளைஞர்களிடம் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அக்டோபரை விடுங்கள், அடுத்த அக்டோபரில் போங்கள். மழை ஓய்ந்து மலை தெளிவாகத் தெரியும் பருவம் எப்படியும் வரும். 57,000, விமானத்துக்கு 35,000, காப்பீடு, ஷூ, வழிகாட்டிக்கு டிப்ஸ் எல்லாம் சேர்த்து 18,000. மொத்தம் 1,10,000. அத்தான் பாக்கியை அடைத்துவிட்டால் உங்களுக்கு மாதம் 10,000 மிஞ்சும், 11 மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். மாதாமாதம் பணம் போட்டுவரும் வங்கி ஆர்டி (தொடர் வைப்பு) போதும், பங்குச் சந்தை ஃபண்ட் எதுவும் இந்தப் பணத்துக்கு வேண்டாம். நேபாளத்துக்கு நமக்கு விசா தேவையில்லை, வாக்காளர் அட்டையே போதும். வெளிநாட்டுச் சுற்றுலா என்பதால் கட்டணத்தோடு டிசிஎஸ் என்று முன்கூட்டியே வருமான வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான், நீங்கள் போவது 4,130 மீட்டருக்கு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் அந்த உயரத்து மலையேற்றம் சேராது. ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தால் செலவு உங்கள் தலையில் விழும். அந்த உயரமும் ஹெலிகாப்டர் மீட்பும் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.