கொடிமலைக்கும் தண்ணீர்மலைக்கும் பேருந்தில் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகருக்குச் செல்லவிருக்கும் வாசகர்கள் பலர், அந்நகரையொட்டிய மலைகளையும் மலைக்கோயில்களையும் வாடகைக் கார் இல்லாமல் பார்க்க இயலுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நானும் என் மனைவியும் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஜார்ஜ் டவுனில் மூன்று நாள் தங்குகிறோம். கொடிமலை, கெக் லோக் சி பௌத்தக் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காரில் காட்டிவிடுவதாக ஒரு பயண முகவர் சொல்கிறார். நகரப் பேருந்திலேயே போய்வர முடியாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக முடியும். ஒரே நாளில் மூன்றையும் பார்க்கும் திட்டத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். மூன்று இடங்களுமே ஏறி இறங்க வேண்டியவை. அவசரமாக ஓடினால் மூன்றாவது இடத்தின் அடிவாரத்தில் கால்கள் மறுத்துவிடும்.

நகரப் பேருந்துகளை ரேப்பிட் பினாங்கு நிறுவனம் இயக்குகிறது. பெர்ரி வந்து சேரும் படகுத்துறையையொட்டிய பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகள், நகரின் நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்தின் அடியில் நின்று செல்கின்றன. நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டுதான். 204ஆம் எண் பேருந்து ஆயர் ஈத்தாம் வழியாகச் சென்று, கொடிமலை ரயிலின் அடிவார நிலையத்தின் முன்பே இறக்கிவிடும். கெக் லோக் சி கோயிலும் அதே வழியில்தான் இருக்கிறது. 10ஆம் எண் பேருந்து தண்ணீர்மலை அடிவாரத்தைக் கடந்து தாவரவியல் பூங்காவுக்குப் போகும். ஆகவே ஒரு நாளை 204க்கும் மறுநாள் காலையை 10க்கும் ஒதுக்கினால், மூன்று இடங்களோடு பூங்காவும் சேர்ந்து நான்காகிவிடும்.

204இல் செல்லும் நாளில் விடிந்ததும் கிளம்பி முதலில் கொடிமலைக்குச் செல்லுங்கள். மலை ரயில் காலை 6.30 மணிக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது. சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன் நீங்கள் மேலே இருப்பீர்கள். திரும்பும்போது ஆயர் ஈத்தாம் சந்தையருகே இறங்கி, சாப்பிட்டுவிட்டுக் கெக் லோக் சி ஏறலாம். இதையே தலைகீழாகச் செய்தால் நண்பகல் வெயிலில் ரயிலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறை நாட்களிலும் அந்த வரிசை மிக நீளமானது.

பேருந்துக் கட்டணம் சில ரிங்கிட்டுகள்தான். ஆனால் ஓட்டுநர் மீதிச் சில்லறை தரமாட்டார். ஒரு ரிங்கிட் நோட்டுகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது. கையைக் காட்டினால்தான் வண்டி நிற்கும். 10ஆம் எண் வண்டி 204 அளவுக்கு அடிக்கடி வராது என்பதால், திரும்பும்போது காத்திருப்பு நீண்டுவிட்டால் கைப்பேசிச் செயலிவழி ஒரு காரை அழைத்துக்கொள்வதில் தவறில்லை. மற்றபடி, காலையில் சந்தைக்குப் போகும் சீனப் பாட்டிகளோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் ஆயர் ஈத்தாம் வரை அமர்ந்து செல்லும் பயணத்தில் அந்த ஊரின் அன்றாடத்தை அருகிலிருந்து பார்க்கலாம். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அது தெரியாது.

கேள்வி: கொடிமலைக்கு ரயிலில்லாமல் முழுவதும் நடந்தே ஏற முடியுமா? வழிகாட்டி தேவையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும், வழிகாட்டியும் தேவையில்லை. தாவரவியல் பூங்காவின் வாசலருகே தொடங்கி உச்சிவரை செல்லும் ஜீப் பாதை ஒன்று உண்டு. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம். மலைவாசிகளின் வண்டிகளும் அலுவல் வண்டிகளும் மட்டுமே செல்லும் தளமிட்ட சாலை என்பதால் வழி தவறுவதற்கு இடமில்லை. 5 கிலோமீட்டர்தானே என்று இலேசாக எண்ணிவிடாதீர்கள். பல வளைவுகளில் சாலை மூச்சுவாங்க வைக்கும் அளவுக்குச் செங்குத்தாக எழுகிறது. நிதானமாக ஏறுபவருக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். வழியில் 84 என்ற எண்ணால் அறியப்படும் இளைப்பாறும் இடம் ஒன்று இருக்கிறது. உள்ளூர் நடையாளர்கள் பலர் அதுவரை ஏறி இறங்குவதையே காலை உடற்பயிற்சியாக வைத்திருக்கிறார்கள்.

சாலையைவிடக் காட்டுப் பாதையை விரும்புபவர்கள், பூங்காவுக்குச் சற்று முன்னதாகவே சாலையோரம் நிற்கும் வட்ட வடிவ வாயிலிலிருந்து தொடங்கலாம். நிலா வாயில் என்று அழைக்கப்படும் இது, ஒரு காலத்தில் செல்வந்தரான சீனர் ஒருவரின் மாளிகைக்கு நுழைவாயிலாக இருந்தது. மரவேர்களும் படிகளும் நிறைந்த அந்தப் பாதை 84க்கு அருகே ஜீப் பாதையுடன் சேர்ந்துகொள்ளும். மழை பெய்த மறுநாள் அங்கே கால் வழுக்கும். அப்படிப்பட்ட நாளில் சாலையே மேல்.

என் உறுதியான ஆலோசனை: ஏறுவதற்குக் கால்களையும் இறங்குவதற்கு ரயிலையும் பயன்படுத்துங்கள். இவ்வளவு செங்குத்தான சாலையில் ஏறும்போது நோவது மூச்சு. இறங்கும்போது நோவது முழங்கால். மூச்சு பத்து நிமிடத்தில் சரியாகிவிடும், முழங்கால் அப்படியல்ல. ஒருவழிச் சீட்டு மேல்நிலையத்தில் கிடைக்கும். ஆண்டுதோறும் பராமரிப்புக்காக ரயில் சில நாட்கள் நிறுத்தப்படுவதுண்டு. கிளம்புமுன் அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். காலி பாட்டில்களைக் காட்டில் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். கொடிமலை 2021ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ அங்கீகரித்த உயிர்க்கோளக் காப்பகம்.

கேள்வி: தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் எங்கள் செட்டிநாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பற்றிச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே ஏற இயலுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் பெரியவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சாலையில் இருப்பவை இரண்டு முருகன் கோயில்கள். பயணிகள் பலர் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள்.

மலைமேல் இருப்பது அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில். இன்றைய தாவரவியல் பூங்காப் பகுதியிலுள்ள அருவியருகே தமிழர்கள் வழிபட்ட ஒரு சிறு சந்நிதிதான் அதன் தொடக்கம். அந்த அருவி நகருக்கும் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கும் குடிநீர் தந்தது. அந்நீர்ப் பணிகளின் காரணமாக 1915இல் கோயில் அருகிலுள்ள குன்றின்மீது இடம் மாறியது. இப்போது நாம் காணும் பெரிய கோயில் ஏழுநிலைக் கோபுரத்துடன் எழுப்பப்பட்டு 2012இல் குடமுழுக்குக் கண்டது.

அடிவாரச் சாலையோரத்தில் இருப்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் 1857இல் அமைத்த தண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்துக்கு முதல் நாள் அதிகாலையில், நகருக்குள் பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள கோவில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளித்தேரில் புறப்பட்டு, வழிநெடுகத் தேங்காய்கள் உடைபட, சீனர்களும் அர்ச்சனைத் தட்டுகளோடு காத்து நிற்க, ஒரு பகல் முழுவதும் வீதிகளைக் கடந்து இந்தக் கோயிலுக்குத்தான் வந்து சேர்கிறார். அந்தத் தேர் உங்கள் காரைக்குடியில் செய்யப்பட்டு, 1894இல் கடல்கடந்து வந்தது. 2017 முதல் மலைக்கோயிலின் சார்பில் தங்கத்தேர் ஒன்றும் வலம் வருகிறது.

மலைக்கோயிலுக்கு 513 படிகள். கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலையின் 272 படிகளை ஏறியவர்கள் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். படிகள் அகலமானவை, கைப்பிடியும் உண்டு. இருப்பினும் முழங்கால் வலி உள்ளவர்களை அங்கே ஏறச் சொல்ல எனக்கு மனமில்லை. அடிவாரத்தில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, சற்றுத் தொலைவில் நகரத்தார் கோயில் இருக்கிறது. இரண்டிலும் நிதானமாக வழிபட்டு, உடன் வந்தவர்கள் இறங்கிவரும்வரை அமர்ந்திருக்கலாம். பிறகு அங்கிருந்து தாவரவியல் பூங்காவுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளரின் பொறுப்பில் உருவான அந்தப் பூங்காவில் நாகலிங்க மரங்கள் பூத்து நிற்பதைப் பாருங்கள். நம் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய அந்தப் பூ, கொத்துக் கொத்தாக அடிமரத்திலேயே மலர்ந்திருக்கும். அங்குள்ள குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. அது சட்டப்படியும் குற்றம். கொடுக்கக் கொடுக்க அவை மனிதர் கையிலிருந்து பிடுங்கப் பழகுகின்றன, துன்பப்படுவது கடைசியில் அவைதான்.

தைப்பூச நாட்களில் இந்தச் சாலையில் வண்டிகள் ஓடா. திருவிழாவைப் பார்க்க விரும்பினால் நகரிலிருந்து கூட்டத்தோடு நடந்து வாருங்கள். மலைகளைப் பார்க்க விரும்பினால் வேறு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கொடிமலை ரயில் மிகச் செங்குத்தானது என்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தை பயப்படுமா?
– வாசகி, சென்னை

பதில்: பழனியில் விஞ்சில் ஏறியிருக்கும் குழந்தை என்றால் பயப்படாது. கம்பிவடத்தால் இழுக்கப்படும் அதே வகை வண்டிதான் இதுவும். பாதை மட்டும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம். 1923இல் ஓடத் தொடங்கியபோது பயணிகள் நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது, மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. 2011இல் வந்த புதிய பெட்டிகள் மாறாமல் நேராகச் சென்று, பத்து நிமிடத்துக்குள் சேர்த்துவிடுகின்றன. ஏறும்போது எல்லோரும் முன்பகுதிக்கு முண்டியடிப்பார்கள். நீங்கள் பின்கோடியில், அதாவது பள்ளத்தைப் பார்த்த பக்கத்தில் இடம்பிடியுங்கள். நகரமும் கடலும் கீழே விரிவது அங்கிருந்துதான் தெரியும்.

கேள்வி: உச்சியில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் போதும் என்று போய்வந்த உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: ரயில் நிலையத்தையடுத்த காட்சி மேடையோடு திரும்புபவர்களுக்கு அது உண்மைதான். அங்கே கடைகளும் கூட்டமும் படமெடுப்பவர்களும் மட்டுமே. ஒரு மணி நேரத்தில் திரும்புவது அந்த மலைக்குச் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

மேடையிலிருந்து சற்று மேலே நடந்தால் திருமுருகன் கோயிலும் அதையடுத்து ஒரு பள்ளிவாசலும் அருகருகே இருப்பதைக் காணலாம். அங்கிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலையில் கூட்டம் கலைந்துவிடும். ரயில் வருவதற்கு முன்பு, வெப்பம் தாங்காத ஆங்கிலேய அதிகாரிகள் குதிரையிலும், கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலிப் பல்லக்கிலும் இங்கே ஏறி வந்தார்கள். அவர்கள் கட்டிய பங்களாக்கள் மரங்களுக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்குகளை இந்தச் சாலையில் அமைதியாக நடப்பவர்கள் பார்க்க வாய்ப்புண்டு. கட்டணம் செலுத்த விருப்பமிருந்தால், தி ஹேபிடாட் என்ற இயற்கைப் பூங்காவில் மர உச்சிகளுக்கு இணையாக அமைத்த தொங்கு நடைபாதை இருக்கிறது.

வானம் தெளிந்த காலையில் கிழக்கே பார்த்தால், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் இரண்டு பாலங்களும் தெரியும். 1985இல் திறக்கப்பட்டது 13.5 கிலோமீட்டர் நீளமானது, 2014இல் திறக்கப்பட்டது 24 கிலோமீட்டர் நீளமானது. வடக்கே கெடா மாநிலத்தின் கரையோரத்தில் தனித்து உயர்ந்து நிற்பது 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன; முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் கடாரம் அந்தப் பகுதியே என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பள்ளிப் பாடத்தில் கடாரம் கொண்டான் என்று படித்த நமக்கு, அந்த மலையைக் கண்ணால் காண்பதற்காகவே அரைநாள் மேலே இருக்கலாம்.

கேள்வி: கெக் லோக் சி கோயிலின் மேல்தளம்வரை படிகளில்தான் செல்ல வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. சந்தைப் பக்கத்திலிருந்து கடைகளுக்கு நடுவே செல்லும் படிவழியும் ஆமைக்குளமும் தாண்டிக் கோயில் முற்றங்களை அடைந்ததும், குவான் யின் தேவியின் வெண்கலச் சிலை இருக்கும் மேல்தளத்துக்குச் சாய்தள லிஃப்ட் இருக்கிறது. சிறு கட்டணம் உண்டு. 2002இல் நிறைவுற்ற அந்தச் சிலையின் உயரம் 30.2 மீட்டர். ஆனால் அதைப் பார்த்துவிட்டு 1930இல் கட்டி முடித்த ஏழடுக்குத் தூபியைத் தவறவிடாதீர்கள். அடியில் சீனம், நடுவில் தாய்லாந்து, முடியில் பர்மா என்று மூன்று நாட்டுக் கட்டடக்கலை ஒரே கோபுரத்தில் சேர்ந்திருப்பதை வேறெங்கும் எளிதில் காண முடியாது. தூபிக்குள் ஏறுவதற்குப் படிகள் மட்டுமே.

கேள்வி: எந்த மாதம் நல்லது?
– வாசகர், சேலம்

பதில்: ஜனவரியும் பிப்ரவரியும். மழை குறைவு. சீனப் புத்தாண்டு அந்நாட்களில் வருவதால், கெக் லோக் சி முழுவதும் இரவில் விளக்குகளால் ஒளிரும். அப்போது கூட்டமும் அதிகம், தங்கும் அறைகளின் வாடகையும் அதிகம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. எந்த மாதமானாலும் பிற்பகலில் இடியோடு மழை வரக்கூடும் என்பதால், மலைக்குரிய நடையைக் காலையிலேயே முடித்துவிட்டு, பையில் ஒரு குடையும் வைத்துக்கொள்ளுங்கள்.