உலக ஒப்பந்தத்தால்தான் ராமநாதபுரம் கரையில் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்ததா?

இல்லை. எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கத்திலும் பல பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். 2001-ல் தடை போட்டது இந்திய அரசு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டைகள் (கடலடியில் கிடக்கும், கடல் வெள்ளரி என்றும் சொல்லும் பிராணிகள்) எல்லாவற்றையும் சேர்த்தார்கள். புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் அட்டைக்கும். உலக நாடுகளுக்கிடையே காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் அன்றைக்கு ஓர் அட்டைகூடக் கிடையாது. 2019 ஜெனீவா மாநாட்டில் மூன்று இனங்கள் இணைப்பு 2-ல் ஏறின. அதுவும் பிடிப்பதற்குத் தடை இல்லை. கடலில் இருப்பு குறையாது என்று அறிவியல் ஆலோசனை பெற்று, அனுமதிச் சீட்டோடு ஏற்றுமதி செய் என்கிறது, அவ்வளவுதான்.

என் அப்பா மூச்சடக்கி முங்கி அட்டை எடுத்தவர். கரைக்கு வந்ததும் குடலை எடுத்து, பெரிய அண்டாவில் அவித்து, மணலில் குழி தோண்டிப் புதைப்பார்கள். மறுநாள் தோண்டி எடுத்துக் காலால் மிதித்தால் மேல்தோலில் இருக்கும் சுண்ணாம்பு கழன்று வரும். மறுபடி அவித்துக் காயப்போட்டால் கருங்கல் மாதிரி ஆகிவிடும். அது சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போனது. எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதைத் தின்றதில்லை.

தடைக்குப் பிறகு விசைப்படகுக்குப் போனார். இழுத்துப் போகும் மடி வலையில் அட்டை தானாக ஏறி வரும். கையில் எடுத்தால் விறைத்துக்கொள்ளும், குடலைக் கக்கும். "வலையில ஏறினா நான் என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டே கடலில் வீசுவார். கையில் இருந்து பிடிபட்டால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. தனுஷ்கோடிக்கு எதிரே, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டரில் இருக்கிற இலங்கையின் தலைமன்னாரிலோ உரிமம் வாங்கி அதே அட்டையை எடுக்கலாம். இங்கிருந்து அங்கே கடத்தல் நடக்காமல் என்ன செய்யும்?

தடையே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கடைசி வருடங்களில் விரல் நீள அட்டையைக்கூட விடவில்லை என்று அப்பாவே சொல்வார். ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பத்தா காலத்தில் அதன் கறி வீடு வீடாகப் போகும். ஒரு குட்டி போட்டு அடுத்ததற்குப் பல வருடம் ஆகிற பிராணி அது. இந்திய ஆவுளியா சைட்டிஸின் இணைப்பு 1-ல் இருக்கிறது, வணிகமே கூடாது. வலையில் ஆவுளியா மாட்டினால் இன்று எங்கள் ஆட்கள் வலையை அறுத்து விடுகிறார்கள். வலை போன வருத்தம் இருக்கும், ஆனால் அந்தத் தடை சரிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அட்டை கதை வேறு. 1982-லேயே 3 அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி இருந்தது. 1988-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அட்டைக் குஞ்சே பொரிக்க வைத்தது. அளவு, பருவம், உரிமம், குஞ்சு விடுவது, இவ்வளவுக்கும் வழி இருந்தும் கதவை மொத்தமாகச் சாத்திவிட்டார்கள். அதனால் சங்கத்தில் மனு எழுதுகிறவர்கள் ஜெனீவாவைத் திட்டி நேரம் போக்க வேண்டாம். டெல்லிக்கு எழுதுங்கள். முதல் அட்டவணையில் இருந்து இறக்கி, அளவும் பருவமும் வைத்து உரிமம் கொடு என்று கேளுங்கள்.