இதயத்தில் கால்சியம் கசிந்தால் கேழ்வரகுக் களியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்க ஊர். அப்பாவுக்கு 62 வயசு, எக்கோவில் ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 30%. "இதய செல்லுக்குள்ள கால்சியம் கசியுது, அதான் துடிப்பு தாறுமாறா இருக்கு"ன்னு டாக்டர் சொன்னார். களியையும் மூட்டு வலிக்குப் போடும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திடலாமா? சித்தப்பா பையன் பள்ளியில் ஓடும்போது மயங்கி விழுந்தான், அதுவும் இதே கோளாறா?

பதில்:

களியை நிறுத்த வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் இரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மி.கி.க்குள் நிற்கும்படி பாராதைராய்டு ஹார்மோன் பார்த்துக்கொள்கிறது. ஓர் உருண்டை கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு அசையாது. டாக்டர் சொன்ன கசிவு நடப்பது இதயத் தசை செல்லுக்குள்ளே.

ஒவ்வொரு செல்லிலும் கால்சியத்தை அடைத்து வைக்க ஒரு கிடங்கு உண்டு. அதன் கதவுக்கு ரயனோடின் ரிசெப்டர் என்று பெயர். ஒவ்வொன்றும் 5,000 அமினோ அமிலத்துக்குச் சற்றுக் குறைவான நான்கு துண்டுகள் சேர்ந்த பெரிய புரதம் அது. துடிப்புக்கான மின் அலை வந்ததும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழையும். அது பட்டதும் கதவு திறந்து, கிடங்கிலிருப்பது கொட்டும். செல்லின் கால்சியம் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறி, தசை சுருங்கும். உடனே கதவு மூட வேண்டும். ஒரு பம்ப் பெரும்பகுதியைக் கிடங்குக்கே திருப்பி இழுக்க, மீதியைச் சோடியத்துக்கு மாற்றாக வெளியே தள்ளுகிறது இன்னொரு புரதம். நாளைக்கு ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது.

தக்காளித் தோட்டத்தில் காய்ப்புழுவுக்கு அடிக்கும் கோராஜன் இருக்கிறதே, அந்தக் குளோரான்ட்ரனிலிப்ரோல் புழுவின் தசையில் இதே வகைக் கதவைத்தான் திறந்துவிடுகிறது. கிடங்கு காலியாகிப் புழு இரை எடுப்பதை நிறுத்திவிடும். மனிதக் கதவு அந்த மருந்துக்குப் பல நூறு மடங்கு மந்தம். ஆகவே அப்பா தோட்டத்தில் மருந்து அடிப்பவராக இருந்தாலும், அதனால்தான் இது வந்தது என்று முடிச்சுப் போட வேண்டாம்.

இதயம் பலவீனமானால் உடம்பு அட்ரினலினை ஓயாமல் சுரந்து அதை விரட்டும். அந்த விரட்டலில் கதவின் மேல் பாஸ்பேட் ஏறி, அது சரியாக மூடாமல் போகிறது. பம்பும் தளர்ந்துவிடுகிறது. கிடங்கு நிறையாததால் அடுத்த சுருக்கம் வலுவாக வராது, ஈ.எஃப். குறைவதில் இதற்கும் பங்குண்டு. துடிப்பு குழம்புவதன் கணக்கு வேறு. கசிந்த ஒரு கால்சியத்தை வெளியேற்ற மூன்று சோடியம் உள்ளே வர வேண்டும். கால்சியத்தோடு இரண்டு பாசிட்டிவ் மின்னேற்றம் வெளியே போய், சோடியத்தோடு மூன்று உள்ளே வருகிறது, ஒன்று மிச்சம். இந்த மிச்சம் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால், வேளை வராமலே செல் துடித்துவிடும். ஒன்றிரண்டு என்றால் "நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுச்சு" என்பதோடு போய்விடும். வீங்கித் தழும்பேறிய இதயத்தில் அதுவே தொடர் ஓட்டமாக மாறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

கதவை மட்டும் இறுக்கும் மாத்திரை இன்று மருந்துக் கடையில் இல்லை. அட்ரினலின் விரட்டலைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர்தான் நடைமுறையில் கசிவைக் குறைப்பது. 1999-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் (ஒன்று பைசோப்ரோலால், மற்றது மெட்டோப்ரோலால் சக்சினேட்) மரணம் 34% குறைந்தது. இதயத்தை இன்னும் வேகமாக விரட்டும் மில்ரினோன் மாத்திரையை நாள்தோறும் கொடுத்துப் பார்த்த 1991 ஆய்வில் மரணம் 28% கூடியது.

அப்பாவுக்கு எழுதியது மெட்டோப்ரோலால் என்றால், அட்டையில் "சக்சினேட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். "டார்ட்ரேட்" வேறு, கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்கி, தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, 200 வரை டாக்டர் கொண்டுபோவார். முதல் சில வாரம் அசதியாக இருக்கும். பெரும்பாலோர் தப்பு செய்வது இங்கேதான்: "இந்த மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். திடீரென்று நிறுத்தினால் அட்ரினலின் மொத்தமும் ஒரே நேரத்தில் பாயும்.

டிகாக்சின் சாப்பிடுகிறாரா? அது செல்லுக்குள் கால்சியத்தைத் தேக்கித்தான் வேலை செய்கிறது. அளவு மீறினால் கிடங்கு நிரம்பி வழிந்து, இதே கதவு வழியாகக் கசியும். சிறுநீர் மாத்திரையால் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போனால் டிகாக்சினின் சரியான அளவே விஷமாகலாம். பசியின்மை, வாந்தி, பார்வையில் மஞ்சள் தெரிந்தால் அடுத்த மாத்திரை போடும் முன் ஈசிஜி, பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்திருந்தால் ஆபத்து எதிர்ப்பக்கம்: பொட்டாசியம் ஏறும், தினம் இளநீர் வேண்டாம்.

மூட்டு வலிதான் எனக்குக் கவலை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால் எலும்பு, மூட்டு வலி நம் பக்கம் சாதாரணம். கால்சியம் மாத்திரையை டாக்டர் எழுதியிருந்தால் தொடரலாம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மட்டும் தொடவே கூடாது. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, ஒரு வாரத்தில் கால் வீங்கி மூச்சு வாங்க வைத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். தினம் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள்; மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

"கால்சியம் சேனல் பிளாக்கர்" என்ற பெயரைப் பார்த்துக் கசிவுக்கான மருந்து என்று எண்ண வேண்டாம். அது வெளிச்சுவரிலுள்ள வேறு வாசலை அடைப்பது. ஈ.எஃப். குறைந்தவருக்கு வெராபமில், டில்டியாசெம் கெடுதல்.

பையன் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கினால், கதவின் மரபணுவிலேயே பிழை இருக்கும் சி.பி.வி.டி. நோயைச் சந்தேகிக்க வேண்டும். படுத்த நிலையில் ஈசிஜியும் எக்கோவும் இயல்பாகவே வரும் என்பதால், வலிப்பு என்று சொல்லி அனுப்பிவிடுவது உண்டு. டாக்டர் பக்கத்தில் இருக்க டிரெட்மில்லில் ஓடவைத்தால்தான் தெரியும்; அப்போது ஈசிஜியில் துடிப்புகள் ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி மாறி மாறி விழும். பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரக்கூடியது. அரிய வகை ஒன்று இருவரிடமிருந்தும் வர வேண்டும். அக்கா மகளைக் கட்டிய குடும்பம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சை நாடலால் அல்லது புரோப்ரனலால், போதாவிட்டால் ஃபிளெகைனைடு. அந்த ஃபிளெகைனைடை அப்பாவுக்குக் கேட்டுவிடாதீர்கள், பழுதான இதயத்துக்கு அது ஆகாது. பரிசோதனை முடியும்வரை பையன் ஓட்டப் பந்தயம், கபடி, கிணற்று நீச்சல் எதிலும் இறங்கக் கூடாது. பி.டி. வாத்தியாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.