பதினைந்து வருடம் கழித்து மறுபடி நாணயமும் சீட்டும்

கேள்வி: கல்லூரி நாட்களில் சீட்டு, நாணய மேஜிக் நன்றாகச் செய்வேன். வேலை, குடும்பம் என்று பதினைந்து வருடம் விட்டுப்போயிற்று. மகளின் பள்ளி விழாவில் செய்யச் சொல்கிறார்கள், இரண்டு மாதம் இருக்கிறது. விரல்கள் பழைய வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் நாணயத்தை உள்ளங்கையில் மறைத்தால் விழுகிறது, விழாவிட்டாலும் மறைத்தது தெரிந்துவிடுகிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: முதலிலிருந்து வேண்டாம். கையில் ஒருமுறை ஊறிய அசைவு முழுதாகப் போய்விடாது. புதிதாகக் கற்பவருக்கு மாதங்கள் ஆவது உங்களுக்குச் சில வாரங்களில் திரும்பும். ஆனால் பழைய தவறுகளும் கூடவே திரும்பும். இருபது வயதில் அவற்றை வேகத்தால் மூடியிருப்பீர்கள். அதனால் முதல் இரண்டு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள்.

நாணயத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு உண்மையாகவே மாற்றுங்கள். பத்து முறை. கண் எங்கே போகிறது, இடது விரல்கள் எப்போது மூடுகின்றன, காலியான வலது கை எங்கே போய் ஓய்கிறது என்று கவனியுங்கள். பதினோராவது முறை நாணயத்தை வலது கையிலேயே மறைத்துக்கொண்டு அதையே பொய்யாகச் செய்யுங்கள். இரண்டையும் போனில் படம்பிடித்து அடுத்தடுத்துப் பாருங்கள். பொய்யான தடவையில் வலது கை விறைத்திருக்கும், கட்டைவிரல் ஒட்டிக்கொண்டிருக்கும், பார்வை அவசரமாக ஓடும். மறைத்தது தெரிகிறது என்கிறீர்களே, பார்ப்பவர் நாணயத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். இந்த விறைப்பு போதும் அவருக்கு. இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்வரை இந்த ஒரு பயிற்சியை விடாதீர்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்.

கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம். பொய்யான அசைவு வரும் கணத்தில் நம்மை அறியாமல் கண் சிமிட்டிவிடுவோம், தவறு நம் பார்வைக்கே வராது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு நான் ஒரு மாதம் கண்ணாடி முன்னாலேயே பழகினேன். ஒரு கல்யாண வீட்டில் முன்னால் உட்கார்ந்திருந்த சிறுவன் "அந்தக் கையிலதான் இருக்கு" என்று கை காட்டினான். அன்றிலிருந்து போன்தான்.

நாணயம் விழுவதற்குத் தோல் வறட்சி ஒரு காரணமாக இருக்கும். வயது ஏற ஏற உள்ளங்கை காயும். கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவி, அது ஊறியபின் தொடங்குங்கள். நாணயத்தின் அளவையும் பாருங்கள். ஆங்கிலப் புத்தகங்கள் பலவும் 30.6 மி.மீ. விட்டமும் 11.34 கிராம் எடையும் உள்ள அமெரிக்க அரை டாலரை வைத்துச் சொல்லிக்கொடுப்பவை. நம் பத்து ரூபாய் 27 மி.மீ., 7.71 கிராம்தான். படத்தில் காட்டிய இடத்திலேயே வைக்கப் பார்த்தால் நிற்காது. கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர் மேட்டுக்கும் நடுவே மேலும் கீழும் நகர்த்தி உங்கள் கைக்கான இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அதை அப்படியே வைத்துக்கொண்டு காபி குடியுங்கள், கதவைத் திறங்கள், பையைத் தூக்குங்கள். விழட்டும், பரவாயில்லை.

சீட்டுக்கு, காகிதத்தில் செய்த சீட்டுக்கட்டையே வாங்குங்கள். வழுவழுப்பான மலிவு பிளாஸ்டிக் கட்டு விரல் பேச்சைக் கேட்காது. இரண்டு சீட்டை ஒரே சீட்டுபோல எடுத்துக் காட்டும் டபுள் லிஃப்ட் ஒன்று சுத்தமாக வந்தாலே பள்ளி விழாவுக்குத் தாராளம்.

காலையில் இருபது நிமிடம், இரவில் இருபது நிமிடம் போதும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மனம் தளர்ந்தால் சீட்டு மேஜிக்கில் பெயர்பெற்ற டாய் வெர்னனை நினைத்துக்கொள்ளுங்கள். 1941-ல் நியூயார்க்கில் கட்டுமான வேலையில் இருந்தபோது ஈஸ்ட் ஆற்றில் விழுந்து இரண்டு கைகளும் உடைந்தன. அந்தக் கைகளோடு சீட்டுக்குத் திரும்பி, 1992-ல் 98 வயதில் இறக்கும்வரை உலக மேஜிக்காரர்களுக்கு ஆசானாக இருந்தார். அவர் விடாமல் வலியுறுத்தியதும் இயல்பான அசைவைத்தான்.

விழாவுக்கு இன்னொரு யோசனை: கிண்ணமும் பந்தும். செப்பிடு வித்தை என்று நாம் சொல்வதே செப்பு எனும் சிறு கிண்ணத்தையும் பந்தையும் வைத்துச் செய்ததால் வந்த பெயர். சிறு பந்தை மறைப்பது நாணயத்தைவிட எளிது. மேலே சொன்ன அந்தப் பொய் மாற்றமே இதற்கும் முதுகெலும்பு, புதிதாகக் கற்பது குறைவு. வித்தை பின்வரிசைக்கும் தெரியும்.

குழந்தைகள் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். நின்றபடி செய்தால் மறைத்த கையின் அடிப்பக்கம் அவர்களுக்குத் தெரியும். கடைசி மூன்று வாரம் போனைத் தரையில் வைத்துப் படம்பிடியுங்கள். ஒருமுறை இடமிருந்து, ஒருமுறை வலமிருந்து.

பத்து நாள் முன்னால், உங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத நாலைந்து பேருக்குச் செய்து காட்டுங்கள். வீட்டார் வேண்டாம், அவர்கள் உங்கள் கையை மட்டுமே பார்ப்பார்கள். அங்கே இரண்டு முறை தவறிய உருப்படியை எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். மூன்று உருப்படி, எட்டு நிமிடம் போதும். கை நடுக்கம் முதல் நிமிடத்தில்தான் அதிகம் என்பதால், எதையும் மறைக்கத் தேவையில்லாத ஒன்றை முதலில் வையுங்கள். நாணயம் இரண்டாவதாக வரட்டும்.