சொந்த ஊர்ப் புலி அதிபர் களத்தில் ஏன் தடுமாறுகிறது? அமெரிக்கத் தேர்தல்: கேள்வி பதில்

கே: டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரி 2012 அதிபர் போட்டியில் ஒரே ஒரு மறதியால் வீழ்ந்தாரே?

ப: மறதியால் வீழவில்லை. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில், 2011 நவம்பர் 9 விவாதத்தில், தான் அதிபரானால் மூடப்போகும் மூன்று துறைகளை விரல்விட்டு எண்ணினார். வணிகம், கல்வி என்றவர் மூன்றாவதில் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார், குறிப்புகளைப் பார்த்தார். எரிசக்தித் துறை அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அடி முன்பே விழுந்துவிட்டது. ஆவணமின்றிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர் மாணவருக்கான கல்லூரிக் கட்டணமே கட்டலாம் என்ற சட்டத்தில் 2001இல் கையெழுத்திட்டவர் அவர். டெக்சாஸில் இரு கட்சிகளும் ஆதரித்த சட்டம். செப்டம்பர் 22, ஆர்லாண்டோ மேடையில், அதை எதிர்ப்பவர்களுக்கு இதயமே இல்லை என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே கொதித்தார்கள். வீட்டில் பெருமையாக இருந்தது வெளியே குற்றச்சாட்டாக மாறியது. இரண்டே நாளில், அதே ஊரில் நடந்த மாதிரி வாக்கெடுப்பில் சக போட்டியாளர் ஹெர்மன் கெயினிடம் தோற்றார்.

கே: மிட் ராம்னி?

ப: அதே நோய். மாசசூசெட்ஸ் ஆளுநராக 2006இல் அவர் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், அவர் கட்சியே எதிர்த்த ஒபாமாவின் சட்டத்துக்கு முன்மாதிரி.

கே: ஆளுநர் நியமிக்கப்படுபவர்தானே?

ப: இந்தியாவில். அங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்று மூன்றாவது முறையாக இதைச் சொல்கிறேன்.

கே: பணம் இருந்தால் சமாளிக்கலாமே?

ப: புளோரிடாவின் முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ்ஷின் ஆதரவு அமைப்பு 2015இன் முதல் பாதியில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. வேட்பாளர் தேர்வில் தொடக்கத்திலேயே வாக்களிக்கும் தென் கரோலினாவைக்கூட அவர் தாண்டவில்லை.

கே: வேட்பாளர் தேர்வில் முதலில் வாக்களித்த அயோவாவில் முன்னணியில் இருந்த விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர்?

ப: தொடக்கக் கருத்துக்கணிப்பை நம்பாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! 2015 ஜூலையில் அறிவித்தார், செப்டம்பரில் விலகினார்.

கே: (முதலில் கேட்டவர்) நான் ஏற்கவில்லை. அந்த மறதி இல்லாவிட்டால் பெரி மீண்டிருப்பார்.

ப: அக்டோபரிலேயே பின்தங்கிவிட்டார், ஐயா. இன்னொன்றையும் பாருங்கள். 2010 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளருடன் ஒரு விவாதத்துக்கும் வர மறுத்தவர் அவர், வராமலே வென்றார். பயிற்சி எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டே, வாரத்துக்கு வாரம் மேடை. எதிரியே இல்லாமல் ஆண்டதுதான் அவரைக் கெடுத்தது.

கே: கார்ட்டர், ரீகன் வென்றார்களே?

ப: இருவரும் 1975 ஜனவரியில் ஆளுநர் பதவியை விட்டு இறங்கினார்கள். கார்ட்டர் அயோவாவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ரீகன் 1976இல் கட்சி வேட்பாளர் போட்டியில் தோற்றுப் பழகித்தான் 1980இல் வந்தார்.

கே: நம் முதல்வர்கள் பிரதமராக முடியுமா?

ப: அது வேறு களம். டெல்லி அரசியல் அறிந்தவரிடம் கேளுங்கள்.