குசினிக் கபேட்டுக்கு எந்தக் கதவு?

கேள்வி: கொழும்புத்துறையில் வீடு கட்டுகிறோம், இனிக் குசினி வேலைதான் மிச்சம். பான்ட்ரி கபேட்டுக்கு ஷேக்கர் கதவு போடு என்று கனடாவில் இருக்கிற அண்ணா படம் படமாக அனுப்புகிறார். ஓடாவியாரோ வேலைப்பாடே இல்லாத தட்டைக் கதவு போதும் என்கிறார். மாமிக்குப் பூ வேலைப்பாடு வேண்டுமாம். எதைச் செய்ய?
- ஒரு வாசகி

பதில்: பூ வேலைப்பாட்டை முதலில் விடுங்கள். அதைச் சாமியறைக் கதவுக்குச் செய்விப்போம் என்று மாமியிடம் சொல்லிப் பாருங்கள், அங்கே உண்மையிலேயே அழகாக இருக்கும். குசினியில் மிளகாய்த்தூளுக்கு வறுக்கிற நாளில் எழும்புகிற புகையும், மீன் பொரிக்கிற எண்ணெயும் அந்த இதழ்களுக்குள் போய் இறுகிவிட்டால் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு இருக்கப்போவது நீங்கள்தான்.

அண்ணா சொல்லுகிற ஷேக்கர் கதவு 5 துண்டு: நாலு பக்கமும் சட்டம், நடுவில் தட்டையான பலகை. ஷேக்கர் என்பது அமெரிக்காவில் எளிமையாக வாழ்ந்த ஒரு கிறிஸ்தவச் சமூகத்தின் பெயர், அவர்கள் செய்த தளபாடத்தின் பாணிதான் இது. ஆனால் சட்டமும் பலகையும் எங்களுக்கும் பழக்கமானதுதான். அகலமான மரப்பலகை மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும், அதனால் வளையும். சட்டத்தில் பள்ளம் எடுத்து அதற்குள் பலகையை இறக்கினால் அது தன்பாட்டில் ஊதிச் சுருங்கும், கதவு நேராக நிற்கும். அதனால் மரத்தில் செய்வதென்றால் நடுப்பலகைக்குப் பசை வைக்கவேண்டாம் என்று ஓடாவியாரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பொருத்த முதலே பலகைக்குப் பெயின்ட் அடிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கோடையில் பலகை சுருங்கும்போது சட்டத்தின் ஓரமாக வெறும் மரம் கோடாகத் தெரியும்.

ஷேக்கரின் குறை ஒன்றுதான். கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பு ஒரு சின்னத் தட்டு மாதிரி, எண்ணெயும் தூசும் அங்கேதான் படியும்.

நான் சொல்லுவது, இரண்டையும் கலந்து போடுங்கள். அடுப்பைச் சுற்றியும் சிங்குக்குக் கீழேயும் ஓடாவியார் சொல்லுகிற தட்டைக் கதவு, ஒரு துடைப்பில் வேலை முடிந்துவிடும். மற்ற இடமெல்லாம் ஷேக்கர். ஒரே நிறம் அடித்தால் பொருந்தும், பயப்படாதீர்கள்.

சிங்குக்குக் கீழே மட்டும் சாதாரண எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற பலகை) வேண்டவே வேண்டாம். என் வீட்டில் போட்டேன், இரண்டாவது மாரியிலேயே கீழ்விளிம்பு நனைந்த பாண் மாதிரி ஊதிவிட்டது, பிறகு கதவு மூடவே இல்லை. முகப்பு நல்லாகத்தான் இருந்தது, தண்ணீர் போனது சரியாக ஒட்டாத விளிம்புப் பட்டியால். எந்தப் பலகை எடுத்தாலும் நாலு விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், கதவு கபேட்டின் சட்டத்துக்குள் அடங்குகிற மாதிரிச் செய்யவேண்டாம். படத்தில் வடிவுதான், ஆனால் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும், மாரியில் இறுகிப்போகும். வெளியால் மூடுகிற கதவே நல்லது. கடல் பக்கத்தில் இருக்கிறீர்கள், பிணைச்சல் கறள் பிடிக்கும், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். 900 மில்லிமீட்டருக்கு மேல் உயரமான கதவுக்கு 3 பிணைச்சல் வேண்டும்.

எல்லாக் கதவையும் ஒரேயடியாகச் செய்விக்காமல் முதலில் ஒரு ஷேக்கர் கதவை மட்டும் செய்து, இப்போது சமைக்கிற இடத்தில் அடுப்புப் பக்கமாகச் சாத்தி வையுங்கள். ஒரு மாதம் சமைத்துவிட்டு அந்தக் கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பை நீங்களே துடைத்துப் பாருங்கள், மிச்சத்தைப் பிறகு ஓடாவியாரிடம் சொல்லலாம்.