சின்ன டாக்கேரியாவில் எதைக் கேட்டு வாங்குவது? கேள்வி பதில்

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்த நம்மவர்கள் பலர் தெருமுனை டாக்கேரியாவை, அதாவது மெக்சிகோ பாணி டாக்கோக் கடையை, தினமும் கடந்து போகிறார்கள், உள்ளே நுழைவதில்லை. பலகையில் பாதிப் பெயர்கள் புரியாது, என்ன இறைச்சி என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். நான் கிழக்கு சான் ஹொசேயில் இருக்கிறேன். வாரத்தில் பல ராத்திரிகள் எனக்கு இந்தக் கடைகளில்தான் சாப்பாடு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சன்னிவேலில் இருந்து: அண்ணா, நல்ல கடையா என்று உள்ளே போனதும் எப்படிக் கண்டுபிடிப்பது?

டோர்ட்டியாவைப் பாருங்கள் தம்பி. மக்காச்சோள மாவில் சுடும் மெல்லிய ரொட்டி அது, அதில் கறி வைத்து மடித்தால் டாக்கோ. கறி சுமாராக இருந்தாலும் நல்ல டோர்ட்டியா காப்பாற்றிவிடும். டோர்ட்டியா மோசமென்றால் எந்தக் கறியாலும் ஒன்றும் செய்ய முடியாது. யாராவது சோள மாவு உருண்டையை அழுத்திக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தால் தயங்காமல் வரிசையில் நில்லுங்கள். பாக்கெட் டோர்ட்டியா என்றாலும் பரவாயில்லை, ஆனால் அதை இரண்டு பக்கமும் கல்லில் போட்டு, அங்கங்கே புள்ளி விழும்வரை சுட்டுத் தர வேண்டும். ஆவியில் வைத்து எடுத்துத் தருகிற கடையில் டோர்ட்டியா கையிலேயே பிய்ந்துவிடும்.

அந்தச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். வாசனையும் இழுவையும் அதில்தான் வருகின்றன. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் சேர்வதும் அந்தச் சுண்ணாம்பால்தான். சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளுக்குப் பெல்லக்ரா நோய் வந்தது. மெக்சிகோவில் அதையே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டவர்களுக்கு வரவில்லை.

அடுத்து, பலகையின் நீளம். மெக்சிகோ நகரத்தின் சான் ரஃபேல் பகுதியில் 'எல் கலிஃபா தே லியோன்' என்று 1968 முதல் நடக்கும் கடை இருக்கிறது. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். விற்பது நாலே வகை டாக்கோ. சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷெலின் நட்சத்திரத்தை 2024இல் அதற்குக் கொடுத்தார்கள். நம் பக்கத்துக் கடைகளில் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டம் எதைக் கேட்கிறது என்று ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். அந்த இரண்டு மூன்று வகைதான் அந்தக் கடையின் கைப்பக்குவம்.

ஃப்ரீமாண்டில் இருந்து: நாங்கள் சுத்த சைவம். பீன்ஸும் சாதமும் வாங்கினால் பிரச்சினை இல்லைதானே?

பிரச்சினை இருக்கிறது சகோதரி, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தச் சிவப்புச் சாதத்தைப் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். மசித்து வதக்கிய பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். கோதுமை டோர்ட்டியாவிலும் அந்தக் கொழுப்பு இருக்கலாம். சோள டோர்ட்டியா பொதுவாகச் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும்தான். அதனால் அதையே கேளுங்கள்.

"கார்னே", அதாவது இறைச்சி, வேண்டாம் என்று சொல்வது மட்டும் போதாது. கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி என்றுதான் தோன்றும், கோழி தட்டில் வந்துவிடும். கோழி, பன்றி இரண்டையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். பீன்ஸுக்கு "லோஸ் ஃப்ரிஹோலஸ் யேவான் மந்தேகா?" என்று கேளுங்கள். மந்தேகாதான் அந்தக் கொழுப்பு. மறைக்கமாட்டார்கள், உள்ளதைச் சொல்வார்கள். எண்ணெயில் செய்கிற கடைகளும் இங்கே நிறைய உண்டு. மசிக்காத முழு பீன்ஸ் இருந்தால் அதைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

கிடைத்தால் விடக்கூடாதவை இரண்டு. ஒன்று நோபாலேஸ், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கி வதக்குவது. லேசான புளிப்பும், வெண்டைக்காய் போன்ற வழவழப்பும் இருக்கும். இன்னொன்று ராஹாஸ், சுட்டுத் தோலுரித்த பொப்லானோ மிளகாயை நீளமாகக் கீறிக் க்ரீமில் புரட்டியது. பூசணிப்பூ வைத்த கெசதியா, அதாவது சீஸ் வைத்து மடித்துச் சுட்ட டோர்ட்டியா, கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கல் ஒன்றுதான். கறி வதங்கிய அதே கல்லில்தான் உங்கள் டோர்ட்டியாவும் சூடாகும். அது மனதுக்கு ஒப்பாது என்றால் சின்னக் கடையில் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. சீஸில் ரென்னெட், அதாவது பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது, இருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மில்பிட்டாஸில் இருந்து: சார், மாடு சாப்பிடமாட்டேன். நண்பன் முஸ்லிம், பன்றி கூடாது. பலகையைப் படித்துச் சொல்லுங்களேன்.

மாடு என்று வைத்துக்கொள்ள வேண்டியவை: அசாதா, சுவாதேரோ, லெங்குவா என்கிற நாக்கு, கபேஸா என்கிற தலைக்கறி, த்ரிப்பாஸ் என்கிற குடல். பர்பகோவா என்கிற, நிதானமாக வேகவைத்த கறி மெக்சிகோவின் நடுப்பகுதியில் ஆடு, இங்கே பெரும்பாலும் மாடு. பிர்ரியா என்கிற மிளகாய்ச் சாற்றுக் கறியும் அப்படித்தான். ஹாலிஸ்கோ மாநிலத்தில் அது வெள்ளாட்டுக்கறி. சீஸோடு மொறுமொறுவென்று சுட்டு, தொட்டுக்கொள்ள சாறும் தருகிறார்களே, அது திஹுவானா பாணி, மாட்டுக்கறி. "சீவோ" என்று சேர்த்து எழுதியிருந்தால் வெள்ளாடு.

பன்றி: பாஸ்தோர், கார்னித்தாஸ், சொரிசோ, பூச்சே. போய்யோ கோழி, பெஸ்காதோ மீன், கமரோன் இறால். ஹலால் என்று தனியாக எழுதாத கடையில் கறி ஹலால் அல்ல என்றே உங்கள் நண்பர் எடுத்துக்கொள்ளட்டும். மீனும் இறாலும் கேட்கலாம், ஆனால் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு.

ஓக்லாந்தில் இருந்து: எல்லாம் சாப்பிடுவேன். முதல் தடவை எதை வாங்கட்டும்?

கம்பியில் செருகிய கறி நெருப்பின் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தால் பாஸ்தோர். லெபனானில் இருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாதான் இதற்கு மூலம். ஆட்டுக்குப் பதில் பன்றி வந்தது, மசாலாவில் காய்ந்த மிளகாயும் அச்சியோத்தே என்கிற சிவப்பு விதையும் சேர்ந்தன. கறி வெட்டுகிறவர் கையைப் பாருங்கள். வலக்கையில் கத்தி மேலிருந்து கீழே இறங்கும், இடக்கையில் டோர்ட்டியா விழும் கறியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் உச்சியில் இருக்கிற அன்னாசியில் ஒரு சீவு. அந்தத் துண்டும் அதே டோர்ட்டியாவில் வந்து விழும். ஓரம் கருகிய மெல்லிய சீவலாக இருந்தால்தான் அது பாஸ்தோர். நெருப்பு ஏற்றாத மத்தியான நேரத்தில் அதே கறியைக் கல்லில் வதக்கித் தருவார்கள். அதற்கு அந்த ருசி வராது, வேறு எதையாவது வாங்குங்கள்.

போட்டியும் தலைக்கறியும் பிடித்து வளர்ந்தவர் என்றால் த்ரிப்பாஸும் கபேஸாவும் கேளுங்கள். த்ரிப்பாஸை "தோராதாஸ்" என்று சொல்லி மொறுகலாக வாங்குங்கள். சனி, ஞாயிறு காலையில் மெனுதோ கிடைக்கும். மாட்டு இரைப்பையும் பெரிய சோள மணிகளும் போட்ட சூடான சூப். இத்தனை அருமையான சாப்பாடு பக்கத்துத் தெருவில் இருக்க, நம் ஆட்கள் கோழி டாக்கோவோடு திரும்பிவிடுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டப்ளினில் இருந்து: பச்சை சல்சா காரமில்லாதது, சிவப்பு காரமானது என்கிறார்கள். சரிதானா?

நிறத்தை நம்பாதீர்கள். தொமத்தியோ என்கிற, பச்சைத் தக்காளி போன்ற காயை அரைத்த பச்சையில் செர்ரானோ மிளகாய் இருந்தால் சிவப்பைவிட அது ஏறும். சிலே தே ஆர்போல் என்கிற காய்ந்த மிளகாயில் அரைத்த சிவப்பு பளீரென்று சுடும். வெளிர் ஆரஞ்சாக, கெட்டியாக இருப்பது பல சமயம் மிளகாயை எண்ணெயோடு சேர்த்து அடித்தது. சான் ஹொசேயில் 'லா விக்டோரியா' கடைக்கு அந்த ஆரஞ்சு சாஸால்தான் பேர். முதலில் சல்சா இல்லாமல் ஒரு கடி, அப்புறம் ஒரு சொட்டு, எலுமிச்சை ஒரு பிழி. பிள்ளைகளுக்கு வெறும் கறியும் எலுமிச்சையும் போதும்.

சான் மட்டேயோவில் இருந்து: எனக்கு புரிட்டோதான் வசதி. அது குற்றமா?

குற்றமே இல்லை. சாதம், பீன்ஸ், கறி எல்லாம் சேர்த்துக் கோதுமை டோர்ட்டியாவில் மடித்து அலுமினியத் தாளில் சுற்றிய அந்தப் பெரிய புரிட்டோ சான் ஃபிரான்சிஸ்கோ மிஷன் பகுதியில் 1960களில் உருவானது. எல் ஃபாரோ, லா கும்ப்ரே என்று இரண்டு கடைகள் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. அதே மிஷன் பகுதியில் இருக்கும் 'லா டாக்கேரியா'வில் புரிட்டோவுக்குள் சாதமே வைக்கமாட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஹேவர்டில் இருந்து: எப்படிக் கேட்பது, எத்தனை வாங்குவது? டிப்ஸ் வைக்க வேண்டுமா?

"தோஸ் தே பாஸ்தோர், கோன் தோதோ." பாஸ்தோர் இரண்டு, வெங்காயம் கொத்தமல்லி எல்லாம் போட்டு. அவ்வளவுதான். முடிவில் "போர் ஃபவோர்" சேருங்கள். இங்கேயே சாப்பிடுவதற்கு "பாரா அக்கீ", கட்டிக் கொண்டுபோக "பாரா யேவார்".

முதலில் இரண்டு வாங்குங்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுந்து போய் வாங்குங்கள். ஆறு டாக்கோவை ஒரே தட்டில் வாங்கினால் நாலாவது ஆறிப்போயிருக்கும். கல்லிலிருந்து இறங்கிய ஒரு நிமிடத்தில் இருக்கிற ருசி ஐந்தாவது நிமிடம் இருக்காது. டோர்ட்டியா இரண்டாக அடுக்கி வந்தால் கீழே சிந்தியதை இரண்டாவதில் அள்ளி இன்னொரு டாக்கோவாகச் சாப்பிடலாம். முள்கரண்டி வேண்டாம், கையால் எடுத்துத் தலையைச் சாய்த்துக் கடியுங்கள். ரொக்கம் வைத்திருங்கள், சில கடைகளில் அட்டை வாங்கமாட்டார்கள். ஜாடியில் டிப்ஸ் போடுங்கள். நள்ளிரவுவரை அந்த நெருப்பின் முன்னால் நின்று உழைக்கிறார்கள்.

யூனியன் சிட்டியில் இருந்து: குடிக்க?

தாமரிந்தோ. நம் புளியேதான், சர்க்கரை போட்டுக் குளிரக் குளிர. காரத்தை ஆற்ற ஹொர்ச்சாத்தா, அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்தது.

சாந்தா கிளாராவில் இருந்து: வேலை முடிந்து எட்டு மணிக்குப் பார்சல் வாங்கி வீட்டுக்குப் போவேன். நமத்துப்போகிறது.

கட்டிய டாக்கோவை வாங்காதீர்கள் அம்மா. கறியை எடைக்குக் கேளுங்கள், பல கடைகளில் பவுண்டு கணக்கில் தருவார்கள். டோர்ட்டியா, வெங்காயம், சல்சா தனித்தனியாக. வீட்டில் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல் டோர்ட்டியாவை ஒவ்வொன்றாகச் சுட்டு, துணியில் மூடி வையுங்கள். கறியை அதே கல்லில் ஒரு பிரட்டு. எலுமிச்சை வாங்க மறந்துவிடாதீர்கள், கேட்டால்தான் பார்சலில் வைப்பார்கள்.